வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் எதற்கு இந்த மடக்குப் பேனல்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, இது சோலாருக்கு எதிரான பதிவு இல்லை. சோலார் என்ற பெயரில் நம் ஊர்க்காரர்கள் தலையில் கட்டப்படும் ஒரு சாமானுக்கு எதிரான பதிவு.

போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் என்று ஒரு பெட்டி வருகிறதே, தெரியும்தானே? லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றையும் ஒரே டப்பாவுக்குள் வைத்து, மேலே கைப்பிடியும் முன்னால் பிளக் பாயின்ட்டும் வைத்திருப்பார்கள். பெட்டியோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல பெட்டிதான். சண்டை எல்லாம் அதோடு "காம்போ ஆஃபர்" என்று சேர்த்துத் தரும் அந்த மடக்குப் பேனலோடுதான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. நெல்லை ஜங்ஷன் தண்ணீருக்குள். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் கரண்ட் நாள் கணக்கில் வரவில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட போனில் சார்ஜ் இல்லாமல் தவித்த குடும்பங்கள் எத்தனை!

இத்தனைக்கும் மின்சாரத்துக்குப் பேர்போன பகுதி இது. பாபநாசத்தில் 1944-லேயே நீர்மின் நிலையம். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு. பணகுடி, வள்ளியூர் பக்கம் போனால் காற்றாலைக் காடு. இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் டாட்டா பவர் குழுமத்தின் 4.3 ஜிகாவாட் சோலார் ஆலை வேறு. ஆனால் கம்பி அறுந்தால் எல்லாம் பூஜ்யம்.

"கூரையில் மானியத்தில் சோலார் போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்பவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் பெரும்பாலும் போடுவது பேட்டரி இல்லாத, ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் அமைப்பு. லைனில் கரண்ட் போனால் அதுவும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியர்மேல் ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சரியான ஏற்பாடுதான். ஆனால் ஆபத்துக் காலத்தில் கூரையில் மூன்று கிலோவாட், வீட்டுக்குள் மெழுகுவர்த்தி! அதனால்தான் தனியாக ஒரு பெட்டியும் அதற்கென்று பேனலும் வேண்டும் என்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

வெள்ளக் காலத்தில் ஒரு வீட்டுக்கு என்ன தேவை? நாலு போன் சார்ஜ் செய்ய 60 வாட்-அவர். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் பத்து மணி நேரம், 300. ஒன்பது வாட் பல்பு ரெண்டு, ஐந்து மணி நேரம், 90. மூச்சுத்திணறல் உள்ள ஆச்சி இருந்தால் நெபுலைசருக்கு ஒரு 100. மொத்தம் 550. பெட்டியின் இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 650 என்று வையுங்கள்.

இப்போது 200 வாட் காம்போ பேனல். நல்ல வெயில் நாளில் நம் ஊரில் முழு வெயிலுக்குச் சமமாக ஐந்து மணி நேரம் கிடைக்கும். சூடு, தூசி, கேபிள் என்று கால்வாசியைக் கழித்தால் 750 வாட்-அவர். ஆஹா, போதுமே! ஆனால் அண்ணாச்சி, நல்ல வெயில் நாளில் ஈ.பி. கரண்டே இருக்குமே :-) நமக்குப் பேனல் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மேகமூட்டத்தில். அப்போது இரண்டு மணி நேரத்துக்குச் சமமான வெயில் கிடைத்தால், 200 வாட் பேனல் தருவது 300 வாட்-அவர். பாதித் தேவைகூட இல்லை. அதே 650 வேண்டுமானால் 430 வாட்டுக்கு மேல் பேனல் வேண்டும். கொட்டும் மழையில் எந்தப் பேனலும் பெரிதாகத் தராது, அந்த நாட்களைப் பேட்டரியில்தான் ஓட்டவேண்டும். மழை விட்டும் கரண்ட் வராத அந்த மூணு நாலு நாட்களுக்குத்தான் பேனல்.

அந்த 430 வாட்டையும் மடக்குப் பேனலில் வாங்கப் பாருங்கள். விலையை வாட்டால் வகுத்துப் பார்த்தால், சாதாரணக் கண்ணாடிப் பேனலைவிட ரெண்டு மூணு மடங்குக்கு மேல் வரும். அந்தக் கூடுதல் காசு எதற்கு? மடக்குவதற்கு, பைக்குள் போடுவதற்கு. ஏன், மொட்டைமாடியை மடக்கி எங்கே எடுத்துப் போகப்போகிறோம்?

அடுத்தது அந்த ஸ்டாண்டு. பல மாடல்களில் பின்னால் இருக்கும் கால்களை விரித்தால் பேனல் 40, 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஐம்பது டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஜெர்மனிக்கு அது சரி. நெல்லை இருப்பது 8.7 டிகிரியில். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கிறது! ஜூன் மாத உச்சிவேளையில் பேனலைத் தெற்குப் பார்த்து 45 டிகிரியில் வைத்தால் நேர் வெயிலில் பாதிதான் அதில் விழும். அதையே கால்களை மடக்கித் தரையில் படுக்கப் போட்டால் 96 சதவீதம் விழும். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய ஸ்டாண்டு பாதி வெயிலைத் தின்கிறது. வருஷம் முழுக்கத் தெற்குப் பார்த்து ஒரு பத்து டிகிரி சாய்வு போதும், மழைத்தண்ணீர் வழிந்து தூசியையும் கழுவிவிடும். அதற்கு நாலு செங்கல் போதும். ஆடிக் காற்றில் பறக்காமல் இருக்கக் கட்டிப்போட வேண்டும், அவ்வளவுதான்.

"சரி, கண்ணாடிப் பேனல் வாங்கிவிடுகிறேன்" என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஆப்பு இருக்கிறது. அதன் பெயர் வோல்ட்.

பெட்டியின் சோலார் இன்புட்டில் இரண்டு எல்லைகள் போட்டிருப்பார்கள். ஒன்று வோல்ட், இன்னொன்று ஆம்பியர். ஆம்பியர் எல்லையைப் பேனல் தாண்டினால் பெரும்பாலான பெட்டிகள் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் (கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்). மேகமூட்டத்துக்காகப் பெரிய பேனல் போடலாம் என்று நான் சொல்வது இதனால்தான். வோல்ட் எல்லையைத் தாண்டினால் பெட்டி கருகும். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஓப்பன் சர்க்யூட் வோல்ட் என்று ஒன்று இருக்கும். அதைத்தான் பார்க்கவேண்டும். "12 வோல்ட் பேனல்" என்று கடையில் சொல்வதற்கு அது சுமார் 22. வீட்டுக் கூரையில் போடும் 540 வாட் பேனலுக்குச் சுமார் 50. உங்கள் பெட்டியின் எல்லை 60 வோல்ட் என்றால் அந்தப் பெரிய பேனல் ஒன்று போடலாம். எல்லை 30 வோல்ட் என்றால் 12 வோல்ட் பேனல்தான். இரண்டு மூன்று போட்டாலும் பேரலலில் மட்டும். சீரிஸில் கோர்த்தால் 44 வோல்ட், பெட்டி காலி.

பேரலலில் இன்னொரு லாபம், தென்னை ஓலை நிழலோ தண்ணீர்த் தொட்டி நிழலோ ஒரு பேனல்மேல் விழுந்தால் மற்றது பாட்டுக்கு ஓடும்.

நஷ்டமும் உண்டு. வோல்ட் குறைந்து ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பு அதிகம். 18 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும்போது, பத்து மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை ஸ்கொயர் வயர் போட்டால் எட்டில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். நாலு ஸ்கொயர் போட்டால் ஐந்து சதவீதம். வயர் நீளம்தான் வேண்டும், ஏனென்றால் பெட்டி நிழலில் இருக்கவேண்டும். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சூடானால் பல பெட்டிகள் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில், விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பெட்டியைப் பேனல் பக்கத்திலேயே வைத்தால் பத்து நிமிஷம் தாங்காது.

எதிர்வாதங்களும் உண்டு. பெரிய பேனல் ஒன்று 27 கிலோவுக்கு மேல் வரும், வாடகை வீட்டில் ஓனர் மாடிச் சாவியே தரமாட்டார் என்பது நியாயம். அப்படியானால் 100, 150 வாட் கண்ணாடிப் பேனலாக மூன்று வாங்குங்கள், ஒவ்வொன்றையும் ஒருவரே தூக்கலாம். வாரம் ஒரு ஊர் போகிறவருக்கு மடக்குப் பேனல்தான் சரி, மறுக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் இருக்கிறதா? உங்களுக்குப் பெட்டியே வேண்டாம். அந்த பேட்டரிக்குப் பொருத்தமான பேனலும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் போதும். ஆனால் அந்த பேட்டரியைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு ஏற்றுங்கள். ஆற்றங்கரை வீடுகளில் அது முதலில் மூழ்கும்.

கடைசியாக ஒன்று. எல்லா வீட்டிலும் பெட்டி வாங்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஆற்றோரப் பஞ்சாயத்து ஒவ்வொன்றிலும், மேடான இடத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டியும் மாடியில் நாலு கண்ணாடிப் பேனலும் ஏன் இருக்கக்கூடாது? ஊர் முழுக்க வந்து போன் சார்ஜ் போட்டுப் போகலாம். நிவாரண முகாமில் இரவெல்லாம் விளக்கு எரியும். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு வந்து பார்வையிட்டுப் போகும் கார்களின் டீசல் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையா?

அதுவரைக்கும் கடைக்குப் போனால் வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஓப்பன் சர்க்யூட் வோல்ட் எவ்வளவு, வாட்டுக்கு என்ன விலை, கார்த்திகை மாத மேகமூட்டத்தில் எத்தனை வாட்-அவர் வரும் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

கணக்கில் தப்பு கண்டுபிடிப்பவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகக் கும்மலாம். மடக்குப் பேனல் ரசிகர்கள் மட்டும் ஜூன் மாத உச்சிவெயிலில் ஸ்டாண்டை ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டு வந்து கும்மவும் :-)