மழை முதலில் இறங்குவது பேஸ்மன்றுக்கு

2024 யூலை 16, செவ்வாய்க்கிழமை. காலையில் தொடங்கிய மழை சில மணி நேரத்தில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றரைக் கொட்டித் தீர்த்தது. வழமையாக யூலை மாதம் முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். டொன் வலி பார்க்வே ஆறாக ஓடியது, யூனியன் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது, 160,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. மறுநாள் எங்கு பார்த்தாலும் நெடுஞ்சாலையில் மூழ்கிய கார்களின் படங்கள்தான். ஸ்காபரோவிலும் எற்றோபிக்கோவிலும் நனைந்த மெத்தையை வாசலுக்கு இழுத்துப் போட்டவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. புயலுக்குத் தயாராவது எப்படி என்று அரசாங்கம் சொல்லும் அறிவுரையிலும் இதே குறை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குத் தண்ணீர், ரோர்ச், பற்றரி, டின் உணவு என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். பட்டியலில் பிழையில்லை. ஆனால் அது ஒரு வீட்டில் ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்து எழுதப்பட்டது. மேலே உரிமையாளரும் கீழே வாடகைக்காரரும் வாழும் நம்மவர் வீடுகளில் ஆயத்தம் பேஸ்மன்றில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ரொறன்ரோவின் மழை ஏன் கீழே தாக்குகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்டது. ஹம்பர் ஆற்றோரத்து ரேமோர் ட்ரைவில் மட்டும் இரவோடிரவாக 35 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. இன்று நாம் கோடையில் நடக்கப் போகும் ஆற்றோரப் பூங்காக்கள் பல அந்தத் தடையால் கிடைத்தவை. ஆற்று வெள்ளத்திலிருந்து வீடுகளை நகரம் பெரும்பாலும் விலக்கிவிட்டது. குழாய் வெள்ளத்திலிருந்து விலக்கவில்லை. 2005 ஓகஸ்டில் ஃபிஞ்ச் அவெனியூவையே அறுத்துச் சென்ற மழையும், 2013 யூலை 8இல் பியர்சனில் பதிவான 126 மில்லிமீற்றரும், 2024இல் வந்ததும் நிலத்தடிக் குழாய்கள் தாங்காத மழைகள். பழைய நகரப் பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. அது நிரம்பினால் தண்ணீர் வந்த வழியே திரும்பும். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் வட்ட மூடியைப் பாருங்கள். முதலில் அங்கே களகளவென்று சத்தம் வரும், பிறகு நாற்றம், பிறகு கறுப்புத் தண்ணீர்.

இதைத் தடுக்கக் கழிவுநீர் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று இருக்கிறது. அதைப் பொருத்தினால் செலவின் ஒரு பகுதியை ரொறன்ரோ மாநகரசபை திருப்பித் தருகிறது. பலர் பொருத்தியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்பது வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது மூடியிருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. வீட்டிலிருந்தும் எதுவும் வெளியே போகாது. கொட்டும் மழையில் மேல்மாடியில் ஒருவர் குளித்தால், அந்தத் தண்ணீர் கீழே இருப்பவரின் அறையில்தான் எழும்பும். ஆகவே வால்வு வாங்கியதோடு அலுவல் முடியவில்லை. கடும் மழையென்றால் மேலே குளிப்பதில்லை, தோய்ப்பதில்லை, பாத்திரம் கழுவும் மெஷினைப் போடுவதில்லை என்று முழு வீடும் பேசி வைத்திருக்க வேண்டும். பேஸ்மன்றில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப்பும் அப்படித்தான். அது மின்சாரத்தில் ஓடுவது. புயலோடு மின்சாரமும் போகும். பற்றரி இல்லாத சம்ப் பம்ப் மிகத் தேவையான அந்த ஒரு மணி நேரத்தில் சும்மா நிற்கும்.

இதற்கு நம்மவரிடம் வழக்கமாக வரும் பதில், "உதெல்லாம் நாங்கள் காணாததா?" என்பது. நியாயமான பதில்தான். 1978 மட்டக்களப்புச் சூறாவளியைக் கண்டவர்களும், 1990இல் மின்சாரம் நின்ற யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும் இந்த நகரத்தில் நிறையப் பேர். இருட்டில் வாழ அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்த அனுபவம் காற்றோட்டமுள்ள வீட்டின் அனுபவம். கனடா வீடு குளிருக்காக அடைத்துக் கட்டப்பட்டது. 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் சுமார் 300,000 மின் இணைப்புகள் அறுந்தன. சில வீடுகளுக்கு நத்தார் முடிந்தும் வெளிச்சம் வரவில்லை. எரிவாயு ஹீற்றர் இருந்தும் பயனில்லை, அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். அந்த நாட்களில் கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் உள்ளே வைத்துப் பலர் கார்பன் மொனொக்சைட் நச்சுக்கு ஆளானார்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் ஜெனரேற்றர் புகையால் இருவர் இறந்தார்கள். கராஜுக்குள் ஓடும் ஜெனரேற்றரின் புகை கதவு இடுக்காலும் காற்றுக் குழாய்களாலும் வீடெங்கும் பரவும். கீழே தூங்குபவருக்கு அங்கே ஜெனரேற்றர் ஓடுவதே தெரிந்திருக்காது. ஊர் அனுபவம் பொறுமையைத் தரும், அடுப்பு விஷயத்தில் மட்டும் அதை நம்ப முடியாது.

குழாய்களைப் பெரிதாக்குவது மாநகரசபையின் வேலையல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களின் வேலைதான். 2006 முதல் அதற்கென ஒரு திட்டமே நடக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. கொங்கிரீட்டால் மூடிய நிலத்துக்கு ஏற்ப மழைநீர்க் கட்டணம் வாங்கும் யோசனை 2024 வசந்த காலத்தில் வந்தபோது "மழை வரி" என்ற கேலி எல்லை தாண்டியும் பரவியது. நகரம் கலந்தாலோசனையை நிறுத்திக்கொண்டது. சில மாதங்களில் யூலை மழை வந்தது. கேலி செய்தவர்களில் எத்தனை பேரின் பேஸ்மன்றில் தண்ணீர் நின்றதோ! காப்புறுதி இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். கனடாவில் தரைவழி வெள்ளத்துக்கு வீட்டுக் காப்புறுதி கிடைக்கத் தொடங்கியதே 2015இல்தான். கழிவுநீர் திரும்பி வருவதற்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உரிமையாளரின் காப்புறுதி வாடகைக்காரரின் கட்டிலையோ கணினியையோ சேர்க்காது. பேஸ்மன்றை வாடகைக்கு விட்டதை நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருந்தால் உரிமையாளருக்கே பணம் மறுக்கப்படலாம்.

சொல்லாமல் இருப்பதற்குக் காரணமும் தெரிந்ததே. அடமானத் தவணையில் ஒரு பங்கை அந்த வாடகை கட்டுகிறது. அனுமதி, இரண்டாவது வாசல், பெரிய ஜன்னல் என்று போனால் செலவு ஏறும். அந்தச் சிரமத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் 2021 செப்ரெம்பரில் ஐடா புயலின் மழை நியூயோர்க் நகரில் கொன்றவர்களில் 11 பேர் பேஸ்மன்றுகளில் இறந்தவர்கள். அவர்களில் பலர் பதிவில்லாத பேஸ்மன்றுகளில் குடியிருந்த புலம்பெயர்ந்தவர்கள். ரொறன்ரோவில் அப்படி நடக்கவில்லை என்பது உண்மை. இங்கே பெரிய மழைகள் அநேகமாகப் பகலில் வந்தன என்பதும் உண்மை.

நடு இரவில் மழை வந்து போனில் எச்சரிக்கை ஒலித்தாலும், அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கும். அண்மையில் வந்த மாணவருக்கு அது போதும். அம்மம்மாவுக்குப் போதாது. மாநகரசபையும் மத்திய அரசும் இதைத் தமிழிலும் தரவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. 2018 ஏப்ரல் 30 முதல் ஒன்ராறியோவில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களுக்கு அரசாங்கப் படிவம் கட்டாயம். அதோடு இன்னொரு தாளையும் இணைத்துக் கொடுக்கலாம்: மின்பலகை எங்கே, தரையில் தண்ணீர் நின்றால் மின்பலகையைத் தொடாமல் உடனே மேலே வரவேண்டும், வால்வு எங்கே, இரவில் எந்தக் கதவைத் தட்டலாம், மின்சாரம் போனால் யாரை அழைப்பது. மின்பலகை பேஸ்மன்றிலேயே இருக்கும் வீடுகளில் அந்த இரண்டாவது வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.