சோத்து வண்டி முன்னால போச்சு, தண்ணி பின்னால வரலை

ஆகஸ்ட் 15 தாண்டினா போதும், எங்க ஊர் வழியாப் போற கிழக்குக் கடற்கரைச் சாலை காவி நிறமாயிடும். சென்னைப் பக்கமிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவங்க. 29-ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரணும்னு ஒரு கூட்டம், செப்டம்பர் 8 திருநாளுக்குச் சேர்ந்தாப் போதும்னு இன்னொரு கூட்டம். 300 கிலோமீட்டருக்கு மேல நடை. மரக்காணம் வரும்போது 120 கிலோமீட்டர் வந்திருப்பாங்க. காலில் கொப்புளம் வந்து, அது உடைஞ்சு, துணி சுத்தி நடக்கிற கட்டம் அது.

இரண்டு வருஷம் முன்னால நடந்ததைச் சொல்றேன். மல்லாட்டைக்கு மருந்து வாங்கிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகிட்டு இருந்தேன். பகல் பதினொன்றரை இருக்கும். ஊருக்கு வடக்கே சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். நிழல்னு சொல்ல ஒரு முள்மரம் கூடக் கிடையாது. ஓரத்தில் ஒரு பையன் கவிழ்ந்து கிடக்கிறான். இருபது வயசுதான் இருக்கும். பக்கத்தில் அவன் கூட்டாளி பையைப் பிரிச்சு பிஸ்கெட்டா எடுத்து வெளியே போடுறான். ஆறு பாக்கெட் பிஸ்கெட், சிப்ஸ், முறுக்கு. தண்ணி பாட்டில் காலி.

"தண்ணி எங்கப்பா?"ன்னு கேட்டேன்.

"வண்டியில இருக்குண்ணே. வண்டி அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடுச்சு."

அரிசி மூட்டை, சிலிண்டர், அண்டா, இருபது லிட்டர் கேன் பதினைந்து, எல்லாம் மினி லாரியில் பத்து கிலோமீட்டர் முன்னால. சமைக்கிறவன் நல்லவன்தான், வந்து சேர்றவங்களுக்குச் சூடா சாம்பார் வைக்கணும்னு போயிட்டான். கடைசியா நொண்டிக்கிட்டு வர்றவன் கையில் என்ன இருக்குன்னு யாரும் பார்க்கலை. உப்பளத்தில் வேலை செய்யற அம்மா ஒருத்தர்தான் தன் தூக்கில் இருந்த கூழைக் கரைச்சு ஊத்தினாங்க. பையன் அரை மணியில் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா எனக்கு அது மனசில் தங்கிடுச்சு.

நடைப்பயணம்னா பட்டணத்து ஆட்கள் முதலில் சோத்தைத்தான் யோசிக்கிறீங்க. எந்த ஊரில் டிபன், எந்த ஊரில் அன்னதானம், பையில் எத்தனை பாக்கெட். எங்க கடற்கரையில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே சோறு எங்கேயும் கிடைக்கும். நல்ல தண்ணிதான் எங்கேயும் கிடைக்காது. உப்பு விளையற மண்ணில் போர் போட்டா என்ன வரும்? வாயில் வைக்க முடியாது. அதனால வழியைத் தண்ணியை வைத்துப் பிரிங்க. எந்த இடத்தில் கடைசியா நல்ல தண்ணி, அதிலிருந்து அடுத்த நல்ல தண்ணிக்கு எத்தனை மணி நேர நடை. அது தெரிஞ்சா எங்கே தங்கணும், எத்தனை மணிக்குக் கிளம்பணும் எல்லாம் தானா அமைஞ்சிடும். சோறு அதுக்குப் பின்னாலதான்.

இன்னொண்ணு, தண்ணி மட்டும் குடிச்சாலும் போதாது. வேர்வையில் உப்பு போகுது. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போடுங்க. ஆஸ்பத்திரியில் சொல்ற அதே கணக்குதான். இல்லைன்னா கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, உப்பு போட்டுக் குடிங்க. சிப்ஸும் உப்புதானேன்னு கேட்பீங்க. அது நாக்கை வறட்டி இன்னும் தண்ணி கேட்கும், அதைக் கொடுக்கத்தான் கையில் தண்ணி இருக்காதே.

வழி விஷயத்தில் நிறைய பேர் என்னைக் கேட்கிறது, "அண்ணே, லாரி தொல்லை இல்லாம கடலோரமாவே நடந்துட்டா என்ன?" ஆசை நல்ல ஆசைதான். ஆனா மணலில் ஒரு கிலோமீட்டர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டருக்குச் சமம். அதோட முட்டுக்காட்டில் கழி குறுக்கே வரும், சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் விழற இடம் வரும், ஆலம்பரைக் கோட்டைகிட்ட மறுபடி கழிமுகம். ஒவ்வொண்ணிலும் படகுக்காரரைத் தேடணும், இல்லைன்னா ரோட்டுக்குத் திரும்பணும். பக்கிங்காம் கால்வாய்க் கரையும் அப்படித்தான். ஒரு காலத்தில் சென்னைக்கு உப்பும் விறகும் படகில் போன தடம். இப்போ பல இடத்தில் கரையே இல்லை. ஜிஎஸ்டி சாலையில் தண்ணிக்கும் கடைக்கும் குறைவில்லை, ஆனா அந்த வேகத்துக்குப் பக்கத்தில் மனுஷன் நடக்கக் கூடாது.

ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலைதான். ஆனா உப்பளத்துக்காரன் மாதிரி நடங்க. அவன் விடியறதுக்கு ரொம்ப முன்னால பாத்தியில் இறங்கி வெயில் ஏறுறதுக்குள்ள பாதி வேலையை முடிச்சிடுவான். நீங்களும் முதல் நாள் ராத்திரி கடப்பாக்கம் பக்கம் தங்கி, வெளிச்சம் வரும்போது கிளம்பி, ஒன்பது, ஒன்பதரைக்குள்ள உப்பளத்தைத் தாண்டி மரக்காணம் வந்துடுங்க. ராத்திரி முழுக்க நடக்கிற பழக்கத்தை மட்டும் விடுங்க. சாலையை அகலமாக்கற வேலை நடக்கிற இடத்தில் ஓரம் எது பள்ளம் எதுன்னு எங்களுக்கே தெரியறதில்லை, தூக்கக் கலக்கத்தில் வர்ற டிரைவருக்கு உங்களை எங்கே தெரியப் போகுது?

பத்தாவது படிக்கும்போது எங்க தமிழ் ஐயா சிறுபாணாற்றுப்படை பற்றிச் சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கு. எழுதினவர் நல்லூர் நத்தத்தனார், எங்களுக்கு வடக்கே இருக்கிற இடைக்கழிநாட்டுக்காரர். நல்லியக்கோடனைப் பார்க்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் கறியும், ஆமூரில் உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டும். கடைசியில் கிடங்கில், அதாவது இன்றைய திண்டிவனம். அந்த எயிற்பட்டினம் எங்க மரக்காணம்தான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. கள்ளை விடுங்க. அதில் நான் பார்க்கிறது, பாணன் தோளில் யாழ்தான் இருக்கு, சோத்து மூட்டை இல்லை. அந்தந்த நிலத்தில் என்ன விளையுதோ அதைச் சாப்பிட்டுப் போறான்.

1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனாரே, ஏறக்குறைய நூறு பேர், ஏப்ரல் 13 கிளம்பி 28 சேர்ந்தாங்க. அவங்களுக்குச் சோறு போட்டா ஜெயில்னு கலெக்டர் மிரட்டினார். ஜனங்க புளியமரக் கிளையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டாங்க. எந்த வழியா வருவாங்க, எங்கே பசிக்கும்னு கணக்குப் பார்த்து வைத்த சோறு அது.

இப்போ அன்னதானம் போடறவங்களிடம் எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான். தர்மம் செய்யறீங்க, கும்பிடறேன். ஆனா பந்தலை எங்கே போடறீங்க? ஊருக்குள்ள, கடைத்தெரு ஓரத்தில். அங்கே ஒரு அக்கா வருஷம் முழுக்க இட்லிக் கடை வைத்திருக்காங்க. நடைக்காரங்க வருவாங்கன்னு அன்னைக்குக் கூடுதலா மாவு ஆட்டி வைப்பாங்க. இருநூறு அடி தள்ளி இலவசப் பந்தல் வந்தா அந்த மாவு புளிச்சுக் கொட்ட வேண்டியதுதான். பந்தலில் வாங்கின சாம்பார் சாதத் தட்டு பாதி சாப்பிட்டபடி என் நிலத்து வரப்பில் கிடக்கும், ஏன்னா அரை மணி முன்னாலதான் வேறொரு பந்தலில் பொங்கல் சாப்பிட்டிருப்பாங்க. அதே நேரம் உப்பளத்து நடுவில் ஒரு பானைத் தண்ணி வைக்க ஆள் இல்லை. பந்தலை அங்கே கொண்டு போங்க. சோறு வேண்டாம், ஓலைக் கொட்டகை, மோர், தண்ணி போதும். எங்க ஊர் ஆட்களே கொட்டகை போட்டுத் தருவோம்.

நடக்கிறவங்களுக்கும் ஒண்ணு. பத்துப் பன்னிரண்டு நாள் லீவு கிடைக்காதுன்னு நாலு நாளில் பாதி தூரம் ஓடி மயங்கறதை விட, துண்டு துண்டா நடங்க. இந்த வருஷம் மரக்காணம் வரைக்கும், பஸ் ஏறி வீட்டுக்குப் போங்க. அடுத்த வருஷம் இங்கிருந்து புதுச்சேரி, கடலூர் வழியா சிதம்பரம். அதுக்கடுத்த வருஷம் சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நேர்ச்சை பாதியில் நிக்குதேன்னு பயப்படறாங்க. மாதா கோவிச்சுக்கறவங்களா இருந்தா இத்தனை பேர் எதுக்கு அவங்களைத் தேடிப் போறாங்க?

வீட்டிலிருந்து எடுத்து வரணும்னா முதல் இரண்டு நாளைக்குப் புளிச்சோறு கட்டுங்க. நல்லெண்ணெய் தாராளமா விட்டு, ஆற வைத்து, வாழைச்சருகில். நான் சின்ன வயசில் செஞ்சி வழியாத் திருவண்ணாமலை தீபத்துக்கு நடந்தப்ப அம்மா கட்டிக் கொடுத்தது இரண்டாம் நாள் ராத்திரி வரைக்கும் வந்தது. தேங்காய்த் துவையல் மட்டும் வேண்டாம், முதல் நாள் மதியமே நூல் விட்டுடும். மூன்றாம் நாளிலிருந்து ஊர்க் கடைதான். வண்டி வைத்திருந்தா இரண்டு கேன் தண்ணியோட ஒரு சைக்கிள் எப்பவும் கடைசி ஆளுக்குப் பின்னால வரட்டும்.

இட்லிக் கடை அக்காவிடம் இதைப் பற்றிப் பேசினேன். முப்பது பேர் வந்தாலும் செய்து தருவாங்களாம். காலையில் வந்து நின்னு கேட்டா முடியாது, முதல் நாள் மதியத்துக்குள்ள போன் போட்டுச் சொல்லணும். அரிசி ஊறணும், ஆட்டணும், மாவு புளிக்கணும் இல்லையா.