பந்து உருள்வது யாருடைய காசில்?

ஸ்னூக்கர் விளையாட்டைப் பல வருடங்களாக அவதானித்து வருபவன் என்ற வகையில் ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். விளையாட்டின் தரத்தில் எந்தக் குறையும் இல்லை. இன்றைய இளம் வீரர்கள் போடும் பந்துகளைப் பார்த்தால் அன்றைய சம்பியன்களே வாய் பிளப்பார்கள். எனக்குக் கவலை தருவது அதன் வரவு செலவுதான். வியாபாரிகளாகிய நாம் இதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துபவனின் கதை இது.

1875இல் இந்தியாவின் ஜபல்பூரில் பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் பொழுதுபோக்குக்காக ஆரம்பித்த விளையாட்டு இது. ஊட்டி கிளப்பில் சட்டதிட்டங்கள் எழுதப்பட்டன. நெடுங்காலம் அது கிளப்புக்குள்ளேயே கிடந்தது. 1969இல் பிபிசி நிறுவனம் புதிதாக வந்த வர்ணத் தொலைக்காட்சியை மக்களுக்குக் காட்டுவதற்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்றைத் தேடியபோது, பல வர்ணப் பந்துகள் உருளும் இந்த மேசை கண்ணில் பட்டது. 1985ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் டெனிஸ் டெய்லர் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிசை வென்றபோது நள்ளிரவு கடந்தும் ஒரு கோடியே 85 இலட்சம் பேர் பிரித்தானியாவில் விழித்திருந்து பார்த்தார்கள்.

அவ்வளவு கூட்டம் கூடும் இடத்தில் சரக்கு விற்க யாருக்குத்தான் ஆசை வராது? விளம்பரமே போடாத பிபிசியில் தன் பெயரைச் சொல்ல வைக்க சிகரெட் கம்பனிகளுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. 1976 முதல் 2005 வரை, முப்பது வருடங்கள், உலக சம்பியன்ஷிப் போட்டி 'எம்பசி' என்ற சிகரெட்டின் பெயரில்தான் நடந்தது. பிரித்தானியாவில் புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் வந்ததும் அந்தக் காசு நின்றது. அடுத்து வந்தவர்கள் யார் தெரியுமா? பந்தயக்காரர்கள். 2006 முதல் 2022 வரை உலக சம்பியன்ஷிப்பின் பெயரில் ஏதாவது ஒரு சூதாட்ட அல்லது பந்தயக் கம்பனியின் பெயர் ஒட்டியிருந்தது. பிறகு இணையத்தில் கார் விற்ற கசூ நிறுவனம் வந்தது. அப்பாடா என்று இருந்தால், 2024 மே மாதம், இறுதிப் போட்டி முடிந்த சில வாரங்களுக்குள், அந்த நிறுவனமே நொடித்து நிர்வாகிகளின் கைக்குப் போய்விட்டது. 2025இல் ஒரு மென்பொருள் நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது.

பந்தயக்காரன் அனுசரணை கொடுத்தால் என்ன, விளையாடுபவன் நேர்மையாக விளையாடினால் சரிதானே என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. உலக சம்பியனுக்கு 2019 முதல் ஐந்து இலட்சம் பவுண் பரிசு. சரி, நூறாவது இடத்தில் இருப்பவனுக்கு? 2013க்குப் பிறகு பல சுற்றுப்போட்டிகளில் 128 பேரும் முதல் சுற்றிலேயே இறங்கினார்கள். அதில் தோற்றவர்களுக்குப் பல போட்டிகளில் ஒரு சதமும் இல்லை. விமானச் சீட்டும் ஹோட்டல் செலவும் அவனவன் பையிலிருந்துதான். உழைப்பே இல்லாத மாதத்தில் வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கும் இளைஞனிடம், 'இந்த ஆட்டத்தை விட்டுக்கொடு, இவ்வளவு தருகிறோம்' என்று ஒருவன் வந்தால் என்ன நடக்கும்?

நடந்தது. 2023 ஜூன் மாதம் பத்துச் சீன வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். லியாங் வென்போ, லீ ஹாங் இருவருக்கும் ஆயுட்காலத் தடை. 2021இல் மாஸ்டர்ஸ் கிண்ணத்தை வென்ற யான் பிங்தாவோவுக்கு ஐந்து வருடம். மேலே ஐந்து இலட்சம், கீழே வெறுங்கை என்று பங்கு பிரிக்கும் எந்தத் தொழிலிலும் கல்லாப்பெட்டியில் கை வைக்கிறவன் வருவான். கை வைத்தவனைத் தண்டித்தது சரியே. சம்பளப் புத்தகத்தை எழுதியவர்களையும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பத்துப் பேரில் 20 மாதத் தடை பெற்ற ஜாவோ ஷின்தொங் என்ற இளைஞர், தான் ஆட்டத்தை விற்கவில்லை என்றாலும் பந்தயம் கட்டியதை ஒப்புக்கொண்டவர். தடை முடிந்து திரும்பி 2025 மே மாதம் உலகச் சம்பியனாகி, அந்தப் பட்டத்தை வென்ற முதல் சீனரானார்.

சீனாவின் கதை தனி. பிரித்தானியச் சந்தை சுருங்கியபோது விளையாட்டுக்குச் சோறு போட்டது அந்த நாடு. 2020இல் கொரோனா வந்ததும் அங்கே நடந்த போட்டிகள் எல்லாம் நின்றன. 2023 வரை ஒன்றும் இல்லை. ஒரே இறக்குமதியாளரை நம்பியிருந்தவருக்கு அவருடைய துறைமுகம் மூடியது போன்ற நிலைமை. 2024இல் சவூதி அரேபியா கதவைத் திறந்தது. ஜித்தாவில் இருபது இலட்சம் பவுணுக்கு மேல் பரிசுத் தொகையோடு ஸ்னூக்கர் போட்டி. அதே வருடம் அதே நகரில் பத்து இலட்சம் டொலர் பரிசோடு உலக பூல் சம்பியன்ஷிப். சூது தடைசெய்யப்பட்ட நாடு, ஆகவே பந்தயக்காரனின் பலகை இல்லாத அரங்கம் என்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனாலும் இதுவும் ஒரு பெரிய கை கொடுப்பதுதான். கொடுத்த கை எப்போதும் நீட்டியபடியே இருக்காது.

எனக்குப் பிடித்த முன்மாதிரி வேறொன்று. சீனாவில் 'ஹேபோல்' என்று ஒரு பூல் ஆட்டம் உண்டு; பந்து பூல் அளவு, பையின் வாய் ஸ்னூக்கர் மேசைபோல ஒடுக்கம். அதற்குப் பெரும் பரிசுப் போட்டிகளை நடத்துவது மேசை தயாரிக்கும் ஜோய் என்ற கம்பனி. ஊருக்கு ஊர் பூல் நிலையம் திறந்தால் அவனுடைய மேசை விற்கும். மேசை விற்றால் அடுத்த போட்டிக்குப் பரிசு கிடைக்கும். விளையாட்டு வளர்ந்தால்தான் தானும் வளர முடியும் என்ற நிலையில் இருப்பவனே சரியான அனுசரணையாளன். சிகரெட்காரனுக்கு ஸ்னூக்கர் செத்தால் என்ன, வேறு விளையாட்டைப் பிடித்துக்கொள்வான்.

நமது நாட்டுக்கும் இது புதிய விளையாட்டு அல்ல. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்று இலங்கைக்கு முதலாவது உலகச் சம்பியன் பட்டத்தைக் கொண்டுவந்தவர் நம்மவரான மர்ஹூம் எம். ஜே. எம். லாபிர். அந்தப் பெயரை நமது பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இன்று நமது ஊர்களில் மாடிக் கடையை வாடகைக்குக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பூல் மேசை போடத்தான் கேட்கிறார்கள். காரணம் இலேசானது. 12 அடி ஸ்னூக்கர் மேசையைச் சுற்றித் தாராளமாகக் கோல் வீச ஏறக்குறைய 22க்கு 16 அடி இடம் வேண்டும். 9 அடி பூல் மேசைக்கு 18க்கு 14 அடி போதும், ஆட்டமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடம் கேட்டு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஹாஜிமாரும் இருக்கிறார்கள், வாடகை வந்தால் போதும் என்று உள்ளே எட்டிப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மேசைக் கூலியை யார் கட்டுவது? தோற்றவர் கட்டுவது என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. உலமாக்கள் பலர் இதைச் சூதின் வகையிலேயே சேர்க்கிறார்கள். கூலியில் ஆரம்பித்த பழக்கம் அதோடு நிற்பதும் இல்லை. மணித்தியாலக் கணக்கில் கூலி, இருவருக்கும் சரிபாதி, இஷாவுக்குப் பிறகு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, புகைத்தல் இல்லை. இந்த நான்கையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இடத்தைக் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் வேறு கட்டடம் பார்க்கட்டும்.