பன்னிரண்டு நாள்

போன மாதம் இதே சுவரில் "கடலைக் காப்போம்" என்று ஒரு கட்டுரை ஒட்டியிருந்தார்கள். கையெழுத்து அழகாக இருந்தது. ஆனால் அதில் ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. "நம் ஊர் மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று இருந்தது. யார் சொன்னா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிலையான வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டால் நாம் எல்லோரும் ஒப்பித்துவிடுவோம். இன்றைய தேவையும் நடக்கணும், பின்னால் வருகிறவர்களுக்கும் மிச்சம் இருக்கணும். 1987இல் ஐ.நா. அமைத்த குழு சொன்னது. இரண்டு மார்க். எங்க அம்மா இதைப் படித்ததில்லை. ஆனால் மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுக்கப் போவாங்க. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றும். மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவார்கள். இதை அதிகாரிகள் யாரும் வந்து சொல்லவில்லை. நம் பாம்பன் பக்கத்துப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இரும்புச் சுரண்டியும் கூடாது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கையால்தான் பறிக்கணும். அம்மா கையைப் பார்த்தவர்கள் விழிப்புணர்வு இல்லை என்று எழுத மாட்டார்கள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். வீட்டில் இல்லை. நானும் என் தோழியும் ஒரு சனிக்கிழமை, எடுக்கக் கூடாத நாளில், ஒரு பழைய சுரண்டியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கினோம். இடுப்பளவு தண்ணிதான். மரிக்கொழுந்துப் பாசி அரைச் சாக்கு சேர்ந்தது. கரை ஏறும்போது பெரியம்மா நின்றுகொண்டிருந்தாங்க. திட்டவில்லை. சாக்கைக் கவிழ்த்து ஒரு கொத்தைக் கையில் எடுத்து, "ஏத்தா, இது அடியோட வந்திருக்கு பாரு. இந்த இடத்துல இனி எதை எடுப்ப?" என்றாங்க. பார்த்தால் பவளப்பாறைத் துண்டும் சேர்ந்து வந்திருந்தது. (பாசிக்கு வேர் கிடையாது, அது அடிப்பிடிப்பு என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருக்காங்க. பெயர் எதுவானாலும் போனது போனதுதான்.) அந்தப் பாசியை விற்க விடவில்லை. நான் சுற்றுலாவுக்கும் போகவில்லை. ஒரு வாரம் பெரியம்மாவிடம் பேசவும் இல்லை.

இப்போதும் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கட்டுப்பாடு சரிதான். ஆனால் அதன் செலவு யார் தலையில்? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசாங்கம் போட்டது, அதற்கு நிவாரணமும் தருகிறது. எங்க அம்மாக்கள் மாதாமாதம் 18 நாள் தாங்களாகவே விடுகிறார்கள். அதற்கு ஒரு பைசா கிடையாது. 21 தீவுகள் இருக்கிற மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் வந்தது. தீவுப் பக்கம் போகாதே என்றால் அதுவும் முதலில் இவர்களிடம்தான் சொல்கிறார்கள்.

2015இல் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு அமெரிக்காவில் உள்ள சீகாலஜி என்ற அமைப்பு பரிசு கொடுத்தது. பாசி எடுக்கிற ஒரு பெண்ணுக்கு! நம் பள்ளியில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? என் வகுப்பில் கேட்டேன், நான்கு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருத்தி அவருக்குச் சொந்தம்.

இன்னொன்று. போன தடவை கடற்கரைத் தூய்மை என்று வெளியூரிலிருந்து வந்தார்கள். ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அவர்கள் போன பிறகு கரையில் தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் கிடந்தன. இரண்டுமே 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. பொறுக்கினது நாங்கள்தான், தொப்பி இல்லாமல்.

அதனால் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறதை விட்டுவிட்டு நம் பள்ளி என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த 12 நாளும் அம்மாக்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். சோறு வடித்து, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவதற்குள் மணி அடித்துவிடும். என் வகுப்பில் மட்டும் ஏழு பெண்கள் அந்த நாட்களில் வாசலில் நிற்கிறோம். இரண்டு பேர் வருவதே இல்லை. டெஸ்ட்டும் சரியாக அன்றைக்குத்தான் வருகிறது. கடலுக்காக அம்மா விட்டுக்கொடுக்கிறாங்க, அம்மாவுக்காக நாங்க விட்டுக்கொடுக்கிறோம். பள்ளிக்கூடம் ஒரு முதல் பீரியடை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

தலைமை ஆசிரியர் அறையில் மாட்டியிருக்கிற காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் போட்டிருக்கிறது. தலைமை ஆசிரியர் ஐயா அதைப் பார்த்துவிட்டு டெஸ்ட் தேதி போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வருகிற அமாவாசைக்கு மறுநாள் கணக்கு டெஸ்ட் என்று எழுதிப் போட்டிருக்கிறது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, மாற்றலாம்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி