ஒளிப்படப் பெருக்கமும் நினைவின் வறுமையும்

தமிழ்த்துறை அறைகளின் சுவர்களில் தொங்கும் பழைய குழுப்படங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒன்றுதான் எடுப்பார்கள். நடுவில் முதல்வர், இருபுறமும் பேராசிரியர்கள், பின்னால் படிப்படியாக நிற்கும் மாணவர்கள். அட்டையின் அடியில் ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலமாக’ எனத் தொடங்கிக் கடைசி வரிசையின் கடைசி மாணவன் வரை பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். அன்று வர இயலாதவர்களும் ‘படத்தில் இல்லாதோர்’ என்ற தலைப்பின்கீழ் இடம்பெற்றிருப்பர். படத்தில் இல்லாதவருக்கும் பெயர் இருந்த காலம் அது. இன்று படத்தில் இருப்பவருக்கே பெயர் இல்லை.

ஒரு நாள் கருத்தரங்கு நடந்து முடிந்தால் நான்கைந்து கைப்பேசிகளிலும் ஒரு கருவியிலுமாகச் சில நூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. குத்துவிளக்கு ஏற்றும் நிகழ்ச்சி மட்டும் நாற்பது. பொன்னாடை போர்த்துவது ஒவ்வொருவருக்கும் பத்து. இவையெல்லாம் எங்கே போகின்றன? ஒரு படத்தின் அளவு ஏறத்தாழ 4 மெகாபைட் எனக் கொண்டால், கூகுள் நிறுவனம் ஒருவருக்கு இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடம் நாலாயிரம் படங்களுக்குள் நிரம்பிவிடும். அந்த இடமும் படங்களுக்கு மட்டும் உரியதன்று. மின்னஞ்சலும் பிற கோப்புகளும் அதிலேயே பங்கு கேட்கின்றன.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. 2015இல் கூகுள் போட்டோஸ் வந்தபோது, சற்றே சுருக்கிய படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. அதற்கு முன்னறிவிப்பாக 2020 நவம்பரில் அந்நிறுவனம் தந்த கணக்கு மலைக்க வைப்பது: தேங்கியிருந்த படங்கள் 4 லட்சம் கோடிக்கும் மேல், வாரந்தோறும் புதிதாக வந்து சேர்ந்த படங்களும் காணொளிகளும் 2,800 கோடி. கல்லூரிகளுக்கும் இதே கதைதான். கல்வி நிறுவனங்களுக்கு வழங்கிய வரம்பற்ற இடத்தை விலக்கி, நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்ற எல்லையை 2022இல் நடைமுறைப்படுத்தினார்கள். 100 டெராபைட் என்பது பெரிய குளம் போலத் தோன்றும். ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 20 ஜிகாபைட். கொரோனாக் காலத்து வகுப்புப் பதிவுகளைக் கொட்டி வைத்த கல்லூரிகள் குளம் நிறைந்ததைப் பிறகே உணர்ந்தன.

இந்தப் பெருக்கத்திற்கு ஆசை மட்டும் காரணமன்று. நாக் மதிப்பீட்டிற்குச் சான்றாக இடக்குறியிட்ட ஒளிப்படங்கள் வேண்டும் என்பதைக் கல்லூரியில் பணியாற்றும் எவரும் அறிவர். மரம் நட்டாலும் படம். மன்றம் கூடினாலும் படம். படத்தின் மூலையில் ஊர், நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை அனைத்தும் ஆறு தசம இலக்கம் வரை பொறிக்கப்பட்டிருக்கும். நின்றவர் யார் என்பதுமட்டும் இருக்காது. பூமிப்பந்தில் எந்தப் புள்ளியில் அந்த மாணவி பரிசு வாங்கினாள் என்பதைச் சொல்ல முடிகிறது. அவள் பெயரைச் சொல்ல முடியவில்லை.

நாகமலைக்கு அண்மையிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு மாணவர்கள் களப்பயணம் போகிறார்கள். பேச்சிப்பள்ளத்துப் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்து வரிகள் உள்ளன. உருவத்தைச் செய்வித்தவர் யார் என்பதை அவை சொல்கின்றன. கல்லில் எழுத்து வெட்டுவது எளிய வேலையன்று; ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் பெயரை விட்டுவைக்கவில்லை. அதே பாறையின் முன் நின்று நம் மாணவர் எடுத்துவரும் இருநூறு படங்களின் பெயர் ‘ஐஎம்ஜி’ என்ற மூன்றெழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்.

இதனால் விளையும் இழப்பு கற்பனையன்று. பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் மறைந்தபோது, அவர் பணியாற்றிய கல்லூரியில் இரங்கல் கூட்டத்திற்கு ஒரு படம் தேவைப்பட்டது. கணிப்பொறியிலும் வன்தட்டுகளிலும் பல்லாயிரம் படங்கள் இருந்தன. இரண்டு நாள் தேடினார்கள். பாதித் தலை, திரும்பிய முகம், ஒலிவாங்கி மறைத்த வாய் ஆகியவையே கிடைத்தன. இறுதியில் மேசையில் மாலையோடு வைக்கப்பட்டது, முப்பது ஆண்டுக்கு முந்தைய குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். அடியில் பெயர் இருந்ததால் அது கிடைத்தது.

‘இடம் போதவில்லையா? இன்னொரு வன்தட்டு வாங்குங்கள். மாதக் கட்டணம் கட்டுங்கள்’ என்பது எல்லாரும் சொல்லும் தீர்வு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வன்தட்டும் சில ஆண்டுகளில் பழுதாகும் பொருளே. ஓலைச்சுவடி நைந்துபோவதற்குள் அதைப் பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பெயர்த்தெழுதுவது உழைப்பு; ஆகவே எதைப் பெயர்த்தெழுதுவது என்ற கேள்வி எப்போதும் உடன் இருந்தது. இன்றைய வன்தட்டிலிருந்து நாளைய வன்தட்டிற்கு ஐம்பதாயிரம் படங்களை அப்படியே தூக்கிப் போடுவதில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. குப்பையும் மணியும் சேர்ந்தே பயணம் செய்கின்றன.

எனவே களைய வேண்டும். முதலில் காணொளிகள், உயர்தெளிவில் எடுத்த ஒரு நிமிடக் காட்சி பல பத்துப் படங்களின் இடத்தை விழுங்கும். அடுத்து, ஒரே காட்சியின் மறுபடிகளும் மங்கிய படங்களும். அதற்கும் அடுத்து, வாட்ஸ்அப்பில் வந்து குவியும் காலை வணக்கங்கள். ரோஜாப்பூவும் சூரியனும் சுமந்த இவ்வாழ்த்துகளே இந்தியர் பலரின் கைப்பேசிகளை நிரப்புகின்றன என்று கூகுள் ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி 2018இல் வெளிநாட்டு நாளேட்டில் வந்து, நம்மைப் பார்த்து உலகம் சிரித்தது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளிலேயே சேமிப்பிடத்தை மேலாளும் பகுதி உண்டு. பலமுறை பகிரப்பட்டவை, 5 மெகாபைட்டிற்கு மேற்பட்டவை என அது பிரித்துக் காட்டும். அரைமணி நேரப் பணி.

‘எது நாளை பயன்படும் என்று இன்று யார் முடிவு செய்வது?’ என நண்பர்கள் வினவுவர். நேரிய வினா. தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களை மதிப்பற்றவை என்று கருதிப் பலர் தூக்கி எறிந்தார்கள். எஞ்சியவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் உதவித் திட்டத்தோடு தேடித் தேடி எண்மமாக்கினார்கள். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் எடுக்கப்படும்போதே தேர்ந்தெடுக்கப்பட்டவை. சுருளில் முப்பத்தாறு படமே என்றபோது, விரல் அழுத்துமுன் மனம் அளந்தது. அந்த அளவீட்டை இன்று நாம் பிற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. அதே நிறுவனத்தில் தென்னகக் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஊர், கோயில், உருவம் என்று குறிப்பெழுதி வைத்ததால்தான் அது ஆய்வாளர்க்குப் பயன்படும் களஞ்சியமாயிற்று.

களையும்போது எச்சரிக்கையும் வேண்டும். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை நீக்கினால் அது கைப்பேசியிலிருந்தும் மறையக்கூடும். கைப்பேசியில் மட்டும் இடம் விடுவிக்க அதில் தனி வசதி இருக்கிறது. ஏற்கெனவே மேலேற்றப்பட்ட படங்களையே அது கைப்பேசியிலிருந்து அகற்றும். விழாப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு ‘சேமித்தாயிற்று’ என்று அமைதி கொள்வதும் தகாது. வழக்கமான முறையில் அனுப்பும்போது படம் சுருங்குகிறது, எடுத்த நாள் பற்றிய உட்குறிப்பும் நீங்குகிறது. தேர்ந்தவற்றை இரண்டு இடங்களிலேனும் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் அவை இரண்டல்ல. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் அடக்கம்.

வீட்டுப் படங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எங்கள் நன்னிமா தம் வாழ்நாளில் ஒளிப்படக் கருவிக்கு முன் அமர்ந்தது ஒரே முறை; ஹஜ் பயணத்திற்குரிய கடவுச்சீட்டுக்காக. அந்த ஒரு படத்தைக் குடும்பம் முழுதும் அடையாளம் காட்டும். இன்றைய அத்தாமார்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் அவர்களுடைய கணக்கில், அவர்கள் மட்டும் அறிந்த கடவுச்சொல்லுக்குப் பின்னால். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் செயற்படுத்தியது. கணக்கு உறங்கிவிட்டால் யாருக்கு உரிமை செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களை அருகில் அமர்த்தி அதைச் செய்து முடிப்பது பிள்ளைகளின் கடமை.

துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பன்னிரண்டு படங்கள் போதும். அன்று மாலையே, முகங்கள் நினைவில் இருக்கும்போதே, இரண்டு மாணவர் அமர்ந்து அவற்றைத் தேர்ந்து நாள், நிகழ்ச்சி, இடமிருந்து வலமாகப் பெயர்கள் எனத் தமிழில் எழுதிவிட வேண்டும். நாக் சான்றுக்குரிய படங்கள் தனி உறையில் இருக்கட்டும். பிப்ரவரி 21 தாய்மொழி நாள் விழாவிலிருந்தே தொடங்கலாம். அவ்விழாவின் அறுநூற்றுச் சொச்சம் படங்கள் துறைக் கணிப்பொறியில் இன்னும் தொடப்படாமல் இருக்கின்றன. மேடையில் கவிதை படித்த முதலாண்டு மாணவியின் பெயரை அறிந்தோர் இப்போதைக்கு வகுப்பில் இருக்கிறார்கள்.