முதல் தூண் இறங்கும் முன்பே ஒலிக்கு வரம்பு வேண்டும்

கடலில் 1,000 மெகாவாட் காற்றாலைகளை நிறுவ நிதியுதவி அளிக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. அதில் பாதி தமிழ்நாட்டுக் கடலுக்கு. தூய மின்சாரம் நமக்குக் கட்டாயம் தேவை. ஆனால் இத்தகைய காற்றாலைகளைத் தாங்கப் பல மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்த் தூண்களை ராட்சதச் சுத்தியலால் கடலடியில் அறைந்து இறக்குவதே உலகில் பெருவழக்கு. ஒரு தூணுக்கே ஆயிரக்கணக்கான அடிகள் விழலாம். அந்த ஓசை எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பறிக்கை மட்டும் போதாது. எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பை அனுமதி ஆணையிலேயே எழுத வேண்டும்.

இதற்கு வடகடலே சாட்சி. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் 2 காற்றாலைகளுக்கு 2008இல் தூண் அறைந்தபோது, போர்பாய்ஸ் என்னும் சிறு கடல் பாலூட்டிகளின் நடமாட்டம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வரை குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஒலியைக் கொண்டே இரை தேடும் உயிரினம் அது. ஜெர்மனியோ, தூணிலிருந்து 750 மீட்டரில் ஓர் அடியின் ஒலி ஆற்றல் 160 டெசிபலையும் உச்ச அழுத்தம் 190 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று விதித்தது. நீருக்குள் டெசிபல் கணக்கு வேறு. காற்றில் கேட்கும் அளவோடு இதை ஒப்பிடக் கூடாது. இந்த விதியின் நெருக்குதலால்தான் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை எழுப்பும் நுட்பம் முதிர்ந்தது. அது 10 டெசிபல் குறைத்தாலே ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

எவ்வளவு ஒலி எழும் என்ற கணினிக் கணிப்புகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றனவே, அவற்றை நம்பி விதி செய்யலாமா என்று கேட்கலாம். அவை மாறுபடக் காரணம் உண்டு. அடி விழுந்ததும் எஃகில் எழும் அதிர்வு நொடிக்கு சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் கீழிறங்குகிறது. நீரில் ஒலியின் வேகமோ 1,500 மீட்டர்தான். அதனால் ஒலி கூம்பு வடிவில் சாய்ந்து பரவுகிறது. ஒரு பகுதி கடலடி மண்ணுக்குள் புகுந்து, குமிழித் திரைக்கு அப்பால் மீண்டும் நீருக்குள் வருகிறது. ஆகவே கடலடியின் தன்மை தெரியாமல் கணித்தால் விடை தவறும். வடகடல் மணலுக்குப் பொருந்தும் எண்களைத் தென்தமிழகக் கடலுக்கு அப்படியே எடுத்தாள முடியாது. கணிப்பில் பிழை வரக்கூடும் என்பது அளந்து சரிபார்க்க வேண்டியதற்கான காரணமே தவிர, விதியைக் கைவிடுவதற்கான காரணம் அல்ல.

செலவு கூடும், பணி தாமதமாகும் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் இந்த வரம்பை வைத்துக்கொண்டுதான் ஜெர்மனி 8,000 மெகாவாட்டுக்கு மேல் கடல் காற்றாலைகளை நிறுவியிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே விதி தெரிந்தால் நிறுவனங்கள் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளும். பாதியில் விதித்தால்தான் பணி தடைபடும். நம் கடலில் காக்க வேண்டியவையும் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. அந்தக் கடலை நம்பி மீனவர்கள் வாழ்கிறார்கள். எண்ணால் ஒரு வரம்பு, நம் கடலடியை ஆராய்ந்த முன்கணிப்பு, ஒவ்வொரு தூணிலும் அளந்து வெளியிடப்படும் முடிவு ஆகிய மூன்றையும் மத்திய அரசு இப்போதே அனுமதி நிபந்தனைகளாக்க வேண்டும்.