பாலம் ஏறத் திணறும் டிராக்டருக்கு டர்போ போடலாமா?

"என்னிடம் 42 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. வாங்கி 11 வருடம் ஆகிறது. வெட்டு நேரத்தில் திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறேன், மற்ற நாள்களில் வைக்கோல், எரு. ஒரு வருடமாக லோடோடு ரயில்வே பாலம் ஏறினால் கறும்புகை தள்ளுகிறது, பாதியில் திணறி நிற்கிறது. அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில், 'பழைய லாரி டர்போ இருக்கிறது, போட்டுவிடலாம். இல்லையென்றால் சூப்பர்சார்ஜர் போடலாம்' என்கிறார்கள். நகைக்கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். இரண்டில் எது நல்லது?"
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநின்றவூர்.

நகையை எடுப்பதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. இரண்டுமே வேண்டாம். ஏன் என்பதற்கு முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிராக்டர், டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்து 8 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தார் ரோட்டில் ஒரு டன்னை உருட்டிக்கொண்டு போக ஏறக்குறைய 20 கிலோ இழுவை வேண்டும். 8 டன்னுக்கு 160 கிலோ. பாலம் 30 அடிக்கு ஓர் அடி உயர்கிறது என்றால், ஏற்றத்துக்காக இன்னும் 267 கிலோ. ஆக மொத்தம் 427 கிலோ. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் இந்த இழுவையைக் கொடுக்க 19 எச்.பி. போதும். கியரிலும் கிரவுனிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தாலும் 22 எச்.பி.தான் வருகிறது. உங்களிடம் இருப்பது 42.

கரும்பு லோடு இதைவிட அதிகமாகத்தான் ஏற்றுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். சரி, மொத்தம் 12 டன் என்றே போடுவோம். அதே வேகத்துக்கு 33 எச்.பி. வேண்டும். வேகத்தை 8 கிலோமீட்டராகக் குறைத்தால் 22 போதும். ஆரோக்கியமான 42 எச்.பி. இன்ஜின் இதை ஏறிவிடும். அதே 8 டன்னை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற நினைத்தால் மட்டும் 37 எச்.பி. கேட்கும். மேல் கியரிலேயே பாலத்தைப் பிடித்து, நடுவில் மூச்சு முட்டிய பிறகு கியர் குறைக்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். பாலத்தின் அடியிலேயே ஒரு கியர் குறைத்துவிட்டு ஏற வேண்டும்.

அப்படியும் திணறினால், உங்கள் இன்ஜினின் 42-இல் பாதி எங்கேயோ காணாமல் போயிருக்கிறது. அதைத் தேடாமல் டர்போ போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைக்கிற கதை.

எங்கே தேடுவது? உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது: கறும்புகை. ஊற்றிய டீசல் முழுதாக எரிய காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை என்று அர்த்தம். (புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் வந்து சேரவில்லை, டீசல் ஃபில்டரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.) இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள இன்ஜின் 1,800 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 2,250 லிட்டர் காற்றை இழுக்கிறது. அவ்வளவும் ஏர் கிளீனர் வழியாகத்தான் போக வேண்டும். வைக்கோல் ஏற்றுகிற வண்டியில் ஏர் கிளீனர் என்ன கதியில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கிண்ணம் உள்ள மாடலாக இருந்தால் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு கட்டியிருந்தால் துடைத்து, புது ஆயிலைக் குறிக்கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். மேலே உள்ள கம்பி வலையையும் டீசலில் அலசி, நன்றாக வடியவிட்டு மாட்ட வேண்டும். கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். அந்த வழியாகப் போகும் தூசி லைனரையும் ரிங்கையும் தின்றுவிடும்.

இதைச் செய்துவிட்டு அதே லோடோடு அதே பாலத்தை ஏறிப் பாருங்கள். புகை குறையவில்லையென்றால் அடுத்தது நாசிலும் டீசல் பம்பும். டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். கையால் திருகிப் பார்த்துச் சரிசெய்கிற இடத்துக்கு வேண்டாம். 'பம்பை ஏற்றிவிடுகிறேன், பறக்கும்' என்று யாராவது ஏற்கெனவே சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டியிருந்தாலும் இதே கறும்புகைதான் வரும். நாசில் சரிபார்க்கும்போதே டேப்பட் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரிங், லைனர் தேய்ந்துவிட்டது. நகைக்கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் அதற்கு வாங்குங்கள், நியாயம் உண்டு.

டிரெய்லரையும் மறக்காதீர்கள். பத்து கிலோமீட்டர் ஓடி நிறுத்தியதும் சக்கரத்தின் நடுக்குடத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுடுகிறதென்றால் பேரிங் பிடிக்கிறது. டயரில் காற்று குறைவாக இருந்தாலும் இழுவை கூடும்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டர்போ, சூப்பர்சார்ஜர் இரண்டும் செய்வது ஒரே வேலை: காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிப்பது. சூப்பர்சார்ஜரை இன்ஜினே பல்சக்கரம் அல்லது பெல்ட் மூலம் சுற்ற வேண்டும். அதற்கே கொஞ்சம் பவர் போய்விடும். டர்போ, வீணாக வெளியே போகும் சூடான புகையின் வேகத்தில் சுற்றுகிறது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இதற்கு உதாரணம் தேடி நீங்கள் தூரம் போக வேண்டாம். பக்கத்து ஆவடியிலேயே இருக்கிறது. அங்குள்ள ராணுவ இன்ஜின் தொழிற்சாலையில் இரண்டு டாங்கிகளுக்கு இன்ஜின் செய்கிறார்கள். டி-72 டாங்கியின் இன்ஜின் பல்சக்கரத்தில் சுற்றும் சூப்பர்சார்ஜர் கொண்டது, 780 எச்.பி. டி-90 டாங்கியின் இன்ஜின் டர்போ கொண்டது, 1,000 எச்.பி. இரண்டுமே 12 சிலிண்டர், கொள்ளளவும் ஏறக்குறைய 38.8 லிட்டர்தான். பார்த்தால் டர்போ ஜெயித்ததுபோலத் தெரியும். ஆனால், முதல் இன்ஜினில் டர்போவைத் தூக்கி மாட்டியதும் ஆயிரம் வந்துவிடவில்லை. கூடுதல் அழுத்தத்தைத் தாங்க உள்பாகங்களையும் மாற்றி அமைத்த பிறகே வந்தது.

உங்கள் டிராக்டருக்கு அந்த ஏற்பாடு கிடையாது. டர்போ காற்றைத்தான் கொடுக்கும், பவர் டீசலில் இருக்கிறது. டீசலைக் கூட்டாமல் டர்போ மட்டும் போட்டால் புகை குறையும், இழுவை பெரிதாகக் கூடாது. டீசலையும் கூட்டினால் இழுவை கூடும், கூடவே சூடும் கூடும். டர்போவோடு வரும் இன்ஜின்களில் பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். உங்களுடையதில் இருக்க வாய்ப்பு குறைவு. ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர், கிளட்ச், பின் ஆக்சில் எல்லாமே 42 எச்.பி.க்கு அளவெடுத்தவை. இதில் ஏதாவது ஒன்று வெட்டு நேரத்தில் பாலத்தின் நடுவே விட்டுக்கொடுக்கும். லாரியிலிருந்து கழற்றிய டர்போவோ இன்னும் பெரிய இன்ஜினின் புகைக்கு ஏற்றது. உங்கள் இன்ஜினின் புகை அதைச் சரியாகச் சுழற்றவே செய்யாது. சூப்பர்சார்ஜர் பேச்சை விட்டுவிடுங்கள். கம்பெனியே அதைப் பொருத்தி அனுப்பிய விவசாய டிராக்டரை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்சூரன்ஸ்தான். விபத்து நடந்தால், இந்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டில் இழுத்தடிப்பார்கள்.

மழை பெய்த வயலிலிருந்து லோடு வெளியே வரவில்லை என்பதற்கும் சிலர் டர்போ கேட்கிறார்கள். அங்கே இன்ஜின் தோற்பதில்லை, பின்சக்கரம் வழுக்குகிறது. ஆயிரம் எச்.பி. கொடுத்தாலும் சக்கரம் குழிதான் தோண்டும். பாதி லோடாக வெளியே கொண்டுவந்து ரோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பாலத்தின் இறக்கம். ஏறும்போது பின்னுக்கு இழுத்த அதே 267 கிலோ, இறங்கும்போது முதுகில் தள்ளும். டிரெய்லருக்கு பிரேக் இல்லையென்றால் 2 டன் டிராக்டர்தான் அத்தனையையும் தாங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் வேண்டவே வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். உழவுக்காகத் தனித்தனியாக விட்ட இரண்டு பிரேக் பெடல்களையும் ரோட்டுக்கு வரும் முன் கொக்கியால் இணைத்துவிடுங்கள். ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் லோடு டிராக்டரையே திருப்பிப் போட்டுவிடும். டர்போவுக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து டிரெய்லருக்கு முறையான பிரேக்கும், பின்னால் சிவப்பு ஒளிர்பட்டையும் போட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

"கோயம்பேட்டுக்குக் கீரையும் பூவும் கொண்டுபோக, பழைய டர்போ பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. சில நாள்களில் பின்னால் சின்ன டிரெய்லரில் பவர் டில்லரையும் இழுக்க வேண்டியிருக்கும். டர்போ வண்டி செலவு வைக்குமா? எதைப் பார்த்து வாங்குவது?"
- வாசகி, பூந்தமல்லி.

கம்பெனியே டர்போ பொருத்திய வண்டி என்றால் தயங்க வேண்டாம். எச்.பி.யை மட்டும் கேட்காமல், டார்க் எவ்வளவு, அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று கேளுங்கள். இழுவைக்குக் குறைந்த சுற்றிலேயே டார்க் கிடைக்கிற வண்டிதான் உதவும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது போய், டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தெரியும் சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். மிக லேசாக ஆடலாம், ஆனால் சுற்றுச்சுவரில் இடிக்கக் கூடாது. குழாய்க்குள் ஆயில் தேங்கியிருந்தாலும், ஓட்டும்போது சைரன் மாதிரி ஊளைச் சத்தம் வந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே ஓடும். அதைக் காப்பாற்றுவது இன்ஜின் ஆயில் ஒன்றுதான். ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். விடியற்காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். லோடு இழுத்து வந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். டிரெய்லரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பிக்கப் எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டு, டில்லரையும் டிரெய்லரையும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.